எருமைக்கு ஒரு வாட்டர் பம்ப்

மார்ச் 2, ஞாயிறு

இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது சரிகிறது. கை இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதாக நினைக்கிறது போல. மாலை வகுப்பு டீச்சர், "வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது எழுதுங்க, கை தன்னால பழகிடும்" என்றார். எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் எனக்கு 'ழ' போட வந்துவிட்டது. அதன் வால் மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

இன்று மகன் வந்தான். எருமையை விற்கப் போகிறானாம். எருமை என்பது எங்கள் வண்டி. கறுப்பு நிறம், பெரிய உடம்பு, நினைத்த இடத்தில் நின்றுகொள்ளும். பழையதாக வாங்கியது. அப்போது நான் கைநாட்டு. அதனால் அவன் பெயரில் பதிவு செய்தோம். அந்த உரிமையில் பேசுகிறான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பழைய வண்டி உடைக்கிறவங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. இந்த மாடலுக்கு ஒரு பார்ட்டும் கிடைக்கிறதில்லப்பா. அம்மாவையும் வச்சுக்கிட்டு நடுவழியில நின்னா யார் வருவா?"

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் அக்கா இருக்கிறாள். கால் விழுந்துவிட்டது, அவளால் இங்கே வர முடியாது. இவளுக்கோ பஸ் ஏறினால் வாந்தி நிற்காது. எருமை போனால் அக்காவும் தங்கையும் முகம் பார்ப்பதும் போச்சு.

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைதானே எடுக்க வர்றாங்க?"

"ஆமா."

"வியாழக்கிழமை வண்டி சும்மாதானே நிக்கும்?"

இத்தனை வருடமாக இவளைச் சாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

கிளம்பிவிட்டோம். யாரிடமும் சொல்லவில்லை. வழியில் இருந்த பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்தேன். வளைவு. மெதுவாகச் செல்லவும். இங்கே பஞ்சர் ஒட்டப்படும். இவ்வளவு காலமும் ரோடு என்னிடம் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் காது இல்லை. "வளைவுன்னு படிச்சது போதும், வளைங்க" என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

நின்றுவிட்டது. மலை ஏறுவதற்கு முன்னால் உள்ள சின்ன ஊர். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது, முன்னால் ஆவி, அடியில் ஒரே தண்ணீர். வாட்டர் பம்ப் போய்விட்டது. என்ஜின் சூடாகாமல் தண்ணீரைச் சுற்றவிடுவது அதுதான். மெக்கானிக் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இது கிடைக்காது பெரியவரே. பேசாம வித்துடுங்க" என்றார்.

ஆளாளுக்கு இதே பாட்டு. கிடைக்கும் என்றேன். பட்டறைக்கு மேலே ஒரு அறை கொடுத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் டீசல் வாசனை. எனக்குப் பிடித்திருக்கிறது, இவளுக்குத்தான் இல்லை.

மகன் போன் செய்தான். இவள் உளறிவிட்டாள். "அங்கேயே இருங்க, இழுவை லாரியோட வரேன்" என்றான். வராதே என்றேன். வருவேன் என்றான். வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

இன்று நான் அடித்த கூத்தை எழுதத்தான் வேண்டும்.

முன்பெல்லாம் எது உடைந்தாலும் துணியில் சுற்றி எடுத்துப் போய்க் கடைக்காரர் முன்னால் வைத்து, "இது மாதிரி ஒன்னு" என்பேன். இன்று எதற்கு அந்தச் சுமை? எனக்குத்தான் படிக்கத் தெரியுமே. பம்பின் உடம்பில் பெரிதாகப் புடைத்திருந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டேன். பம்பை அறையிலேயே விட்டுவிட்டு அடுத்த ஊர்க் கடைக்குப் பஸ்ஸில் போனேன். அதிகாரி மாதிரி நின்று எண்ணைப் படித்தேன். கடைக்காரரும் உடனே எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

போல்ட் துளைகள் பொருந்தவில்லை.

"ஐயா, இது வார்ப்பு நம்பர்" என்றார் மெக்கானிக். "ஒரே அச்சுல வார்த்த எல்லாத்துலயும் இதுதான் இருக்கும். துளை வண்டிக்கு வண்டி மாறும். பம்போட நம்பர் ஓரத்துல பொடிசா குத்தியிருக்கு பாருங்க."

சிரித்திருந்தால் பரவாயில்லை, பாவமாகப் பார்த்தார். சரியான எண்ணைக் கடைக்காரரிடம் போனில் சொன்னோம். "அது வர்றது நின்னு போச்சே" என்றார்.

நின்று போகட்டும். நான் நிற்க மாட்டேன். இதில் எனக்கு வெட்கமும் இல்லை. கைநாட்டுக்காரனாக இருந்தபோது இந்தத் தப்பை என்னால் செய்திருக்கவே முடியாது. இது படித்தவன் செய்கிற தப்பு. அப்படிச் சொன்னதும் இவள் சிரித்தாள் பாருங்கள், கீழே பட்டறையில் வேலை நின்றுவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மகன் லாரியோடு வந்து இறங்கினான்.

"ஊருக்கு வெளியில பழைய வண்டி உடைக்கிற இடம் இருக்காம். ஒரு தடவை பார்த்துடறேன்டா."

"அங்கயும் இல்லன்னா பேசாம லாரியில ஏத்திடலாமா?"

"ஏத்து."

அங்கே ஒரு மூலையில் எருமையின் கூடப்பிறந்ததே கிடந்தது. சக்கரம் இல்லை, கதவு இல்லை, வயிறு தரையில். ஆனால் என்ஜின் இருந்தது. அதில் பம்பும் இருந்தது. ஓரத்தில் பொடியாகக் குத்தியிருந்த எண்ணைத் துடைத்துப் படித்தேன். அதேதான்.

இடத்துக்காரர், "போல்ட்டெல்லாம் துரு ஏறி ஒட்டிக்கிச்சு, யாராலயும் கழட்ட முடியல. உங்க வண்டியையும் இது பக்கத்துலயே விட்டுடுங்க" என்றார்.

"உயிரோட இருக்கிறதுக்கு இடம் பார்க்காதீங்க" என்றேன்.

குனிந்தேன். முட்டி மடங்கவில்லை. அவர் மகன் பக்கம் திரும்பினார். "பெரியவருக்குத்தான் பிடிவாதம். நீங்க ஆபீஸ் வேலை பார்க்கிறவர் மாதிரி இருக்கீங்க. இதெல்லாம் நம்மால ஆகாதுன்னு எடுத்துச் சொல்லுங்க சார்."

மகன் சட்டைக் கையை மடித்தான். "ஸ்பேனர் இருக்கா?" என்றான்.

எண்ணெய் விட்டான், தட்டினான், ஊறவிட்டான், மறுபடி தட்டினான். விரலில் தோல் உரிந்தது. கோபம் வந்தால் அவனுக்கு மூக்கு விடைக்கும். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதா? நடுவில் அவன் போன் அடித்தது. கை முழுக்கக் கரி. என்னைப் பார்க்கச் சொன்னான். எழுத்துக் கூட்டிப் படித்தேன் – 'பழைய வண்டி வாங்குபவர்'.

"எருமையை எடுக்க வந்துட்டாங்கடா. நம்ம வாசல்ல நிக்கிறாங்க போல. என்ன சொல்ல?"

"அடிக்கட்டும் விடுங்க. கடைசி போல்ட் லேசா அசையுது. டார்ச்சை ஆட்டாம பிடிங்கப்பா."

அடிக்கிற போனைப் பையில் போட்டுவிட்டு டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்தேன்.

மார்ச் 10, திங்கள்

பம்ப் பூட்டியாயிற்று. சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. லாரி நேற்றே வெறுமனே திரும்பிவிட்டது. மகன் எங்களோடு வருகிறான். மலை தாண்டும் வரைக்கும்தானாம். நான்தான் ஓட்டினேன்.

மார்ச் 12, புதன்

நேற்று வந்து சேர்ந்தோம். அக்காளும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இளைச்சுட்டே", "நீதான் இளைச்சுட்டே" என்று அழுதார்கள். இரண்டு பேரும் இளைக்கவில்லை.

வண்டியைச் சந்துக்குள் நான் விடுகிறேன் என்று மகன் பின்னால் எடுத்தான், சுவரில் இடித்துப் பின் விளக்கை உடைத்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத்தான் தெரியும். இன்று வேலைக்குப் போக வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டான். விற்பதைப் பற்றி அவனும் பேசவில்லை. நான் ஏன் கேட்கிறேன்?

மார்ச் 16, ஞாயிறு

இன்னும் அக்கா வீட்டில்தான். மகன் போன் செய்தான். எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று கேட்பான், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன்.

"அப்பா, நான் உடைச்ச விளக்கு வலது பக்கமா, இடது பக்கமா?"

பின்னால் இரும்பில் சுத்தியல் விழும் சத்தம்.

"எங்கடா இருக்கே?"

"அது எதுக்கு உங்களுக்கு? பக்கத்தைச் சொல்லுங்க."

"வலது."

போனை வைக்காமலே யாரிடமோ பேசினான். "வலதுதான்ணே. அதோ அந்த வண்டியில இருக்கே. வரும்ணே, தள்ளுங்க, நான் கழட்டறேன்."

நாளைக்குக் கடலைப் பார்க்க வேண்டுமாம் அக்காளுக்கும் தங்கைக்கும். அக்காவின் சக்கர நாற்காலியை மடக்கினால் பின்னால் கொள்ளும், அளந்து பார்த்துவிட்டேன். விரல் வலிக்கிறது. மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன், எருமை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து.