அரிசி களைந்த தண்ணீர்

புசான்
9 அக்டோபர் 1988

போரமின் அப்பாவுக்கு,

நலமா? ஒலிம்பிக் கூட்டமெல்லாம் கலைந்து சியோலில் இப்போதாவது மூச்சுவிட முடிகிறதா? இங்கே போரம் நலம். "அப்பா போன்லகூட ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாரு" என்று முனகுகிறாள். நான் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து செய்கிற அதே வேலைதான். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை வீடியோ எடுக்கிறேன். மாப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி வியர்க்கிறார்கள்.

உங்களுக்குப் பிடித்த இயக்குநர் யார், அவரைத் தனித்து நிற்கவைப்பது எது என்று சினிமாப் பத்திரிகை கேட்டதற்கு நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நம் பாங் வாத்தியாரைத்தான் எழுதுவீர்கள் என்று தெரியும். பாதி வரைக்கும் கண் கலங்கித்தான் படித்தேன். அழுகிற முகத்தை அவர் காட்டவே மாட்டார், முதுகைத்தான் காட்டுவார். நாலு ஆண்களைக் குடிக்க உட்காரவைத்து, யார் யாருக்குக் கிண்ணம் நிரப்புகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார். எல்லாம் சரி, நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்தப் பத்தி வந்தது. மகன் போரில் செத்த சேதி கேட்ட தாய் படியிறங்கிப் பள்ளத்துச் சமையற்கட்டுக்குள் போய் அரிசி களைகிறாள். பானையிலிருந்து ஒரு பிடி அரிசியைத் திரும்ப எடுத்து ஜாடியில் போடுகிறாள். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் ஒரு கிண்ணத்தில் வைக்கிறாள். "அந்த வெண்ணிற நீர் ஒரு தாய்ப்பாலின் துயரம், இது பாங் ஒருவரால்தான் முடியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாலும் இல்லை, துயரமும் இல்லை ஐயா. அது குழம்புக்கு வைத்த தண்ணீர். மகன் செத்தாலும் மாமனாருக்குச் சாயங்காலம் குழம்பு கொதிக்க வேண்டும். அதுதான் அந்தக் காட்சி.

அதை எடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். வாத்தியார் படங்களில் சோறு எப்போதும் கதவு வழியாகத் தட்டில் வந்து இறங்கும். யார் சமைத்தார்கள் என்று அவர் கேமரா எட்டிப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு படத்தில் எட்டிப் பார்த்தது. அன்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடுதியில் கிடந்தார். முதல் உதவி இயக்குநராக இருந்த நான்தான் எடுத்தேன். இப்போது வாத்தியாரும் போய்விட்டார், நடித்த அம்மாளும் போய்விட்டார், கேமரா பிடித்த ஆன் அண்ணனும் போய்விட்டார். சாட்சி என்று மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

இத்தனை காலம் கேட்காதவள் இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், நான் எழுதி வைத்திருக்கும் ஆலைச் சமையற்கட்டுக் கதை தயாரிப்பாளர் சூவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் சொல்வதைக் கேளுங்கள்: "கதை பிரமாதம்மா. ஆனா கல்யாண வீடியோ எடுக்கிறவங்ககிட்ட எப்படி ஒரு படத்தைத் தூக்கிக் குடுக்கிறது? அந்த அரிசி சீன் உங்களோடதுதான்னு உங்க வீட்டுக்காரரு மா டைரக்டர் ஒரு வரி எழுதட்டும். மறுநாளே கேமராவைத் தர்றேன்."

ஒரு வரிதான் கேட்கிறேன். எழுதுவீர்களா?

போரமின் அம்மா

---

சியோல்
21 அக்டோபர் 1988

அன்புள்ள மியோங்ரேக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! திட்டித்தான் எழுதியிருக்கிறாய் என்றாலும் மனம் குளிர்ந்தது. எனக்குச் சாப்பாடு தெருமுனைக் கடையில்தான். வீட்டில் அடுப்பு இருக்கிறது, பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. உன் கையால் போட்ட கிம்ச்சி ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்பினாயானால் உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நீ கேட்பது நியாயம். இல்லையென்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் என் நிலைமையையும் பார். போன வாரம் வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுதினத அவரு போட்டோவுக்கு முன்னாடி உக்காந்து படிச்சேம்ப்பா. அவரே வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு" என்று அழுதார். அவரிடம் போய், ஊரே கொண்டாடுகிற காட்சி உங்கள் வீட்டுக்காரருடையது இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? சினிமா என்றால் எல்லாருடைய வியர்வையும்தான். பெயர் ஒருவருடையது, என்ன செய்வது.

இருந்தாலும் ஜனவரி இதழுக்கு இன்னொரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அதில் பார்க்கிறேன். அன்று நடந்ததை விவரமாக எழுதி அனுப்பு, எனக்குப் பாதி மறந்துவிட்டது. அந்த ஆலைக் கதையிலும் ஒரு பிரதி அனுப்பு. சூ எனக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். படித்துவிட்டு நானே ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன்.

போரமின் அப்பா

---

புசான்
2 நவம்பர் 1988

போரமின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மழுப்புவீர்கள் என்றுதான் நினைத்தேன். பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிது. போரம் கூட, "பரவால்லையே, அப்பாவுக்கு மனசு எறங்கியிருக்கு" என்கிறாள்.

கதைப் பிரதியும் கிம்ச்சி ஜாடியும் ஒரே பெட்டியில் வருகின்றன. காரம் கொஞ்சம் தூக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்தது இதுதான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. திரைக்கதையில் தாய் அறையில் உட்கார்ந்து அழுவதாகத்தான் எழுதியிருந்தது. நான் கேமராவைச் சமையற்கட்டுக்குள் இறக்கச் சொன்னேன். ஆன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, அந்தக் கரிக் குழிக்குள்ளயா? வாத்தியாரு கேட்டா என்னம்மா சொல்லுவ?" என்றார். "வேளாவேளைக்குச் சாப்பிடுறாரே, அந்தச் சோறு எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு அவரும் பாக்கட்டும்" என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நீங்கள் மட்டும் இறங்கவில்லை. "ஆம்பளைங்க அடுக்களைக்குள்ள போகக் கூடாதுன்னு எங்கம்மா அடிச்சு வளத்திருக்காங்க" என்று படியில் நின்றபடியே கையை நீட்டிக் கிளாப் கட்டை அடித்தீர்கள். பிறகு வாத்தியார் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

இந்தப் படம் கிடைத்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஜனவரி எப்போது வரும் என்றிருக்கிறது.

போரமின் அம்மா

---

சியோல்
14 ஜனவரி 1989

அன்புள்ள மியோங்ரேக்கு,

புத்தாண்டு வாழ்த்து. கிம்ச்சி அமிர்தம். ஜாடி என்றைக்கோ காலி.

பத்திரிகை உன் கைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், கோபப்படாமல் படி. உன் பெயரைப் போட்டுத்தான் முதலில் எழுதினேன். அப்புறம் கிழித்துவிட்டேன். ஒரு பெண் எடுத்தாள் என்றால் சுங்முரோ சினிமாக்காரர்களில் எவன் நம்புவான்? பெண்டாட்டிக்காகப் புளுகுகிறான் என்று சிரிப்பார்கள். உனக்கும் பிரயோஜனம் இல்லை, எனக்கும் இல்லை. அதனால் வாத்தியார் படுத்திருந்த அன்று அந்தக் காட்சியை எடுத்தது நான்தான் என்று எழுதிவிட்டேன். வாத்தியாருடையது இல்லை என்ற உண்மையாவது வெளியே வந்துவிட்டது அல்லவா? "அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள் அம்மா, குழம்புக்கு வையுங்கள் என்று நடிகையிடம் சொன்னேன். அந்த ஒரு கிண்ணம் தண்ணீரில்தான் நான் இயக்குநரானேன்" என்று முடித்திருக்கிறேன். படித்தவர்கள் எல்லாரும் அந்த வரியைத்தான் சொல்லிச் சொல்லிப் பாராட்டுகிறார்கள்.

சூவும் படித்துவிட்டுக் கூப்பிட்டார். ஆலைக் கதையை என்னையே எடுக்கச் சொல்லிவிட்டார். படம் நம் குடும்பத்துக்குள்தானே வருகிறது, அதை நினைத்துச் சந்தோஷப்படு. கதை என்று உன் பெயர் கண்டிப்பாக வரும். நீயும் கிளம்பி வா, பழைய மாதிரி முதல் உதவி இயக்குநராக இரு. சமையற்கட்டுக் காட்சிகள் அத்தனையும் உன் பொறுப்பு. படப் பூஜை அன்று படையலுக்கு வைக்கிற பன்றித் தலைக்கு முன்னால் இருவரும் சேர்ந்தே விழுந்து கும்பிடுவோம். பழையதெல்லாம் அதோடு போகட்டும்.

என்றும் உன்,
தேசிக்

---

புசான்
25 ஜனவரி 1989

இயக்குநர் மா தேசிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் பத்திரிகையும் ஒரே நாளில் வந்தன. போரம்தான் சத்தமாகப் படித்தாள். முடித்துவிட்டு, "முதல் தண்ணியையா?" என்று கேட்டாள். அவளுக்குப் பத்து வயதிலேயே தெரிந்த விஷயம் அது.

முதல் தண்ணீரை எந்த வீட்டிலும் எடுத்து வைக்க மாட்டார்கள். அதில் தவிடும் தூசியும் போகும். கீழேதான் கொட்டுவார்கள். இரண்டாவது தண்ணீரைத்தான் குழம்புக்கு வைப்பார்கள். நீங்கள் கட்டை அடிப்பதற்கு முன்பே நான் அந்த அம்மாளை முதல் தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டேன். படத்தில் இருப்பது இரண்டாவது. படியில் நின்றவருக்கு அது எப்படித் தெரியும்?

சூவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் தன் மனைவியிடம் கேட்டார். பின்னால் அந்த அம்மாள் சிரிப்பது எனக்கே கேட்டது. "எந்தக் கூறுகெட்டவன் முதல் தண்ணியில கொழம்பு வெப்பான்?" என்றார். சூவும் சிரித்தார். படம் எனக்குத்தான் என்று நான்கூட ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க சொல்றதுதாம்மா நெசம், எனக்குப் புரியுது. ஆனா அச்சுல வந்துடுச்சே. மா டைரக்டர் பேரச் சொல்லி தியேட்டர்காரங்ககிட்டயும் பேசி முடிச்சுட்டேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வாத்தியார் திருடவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நீங்கள் கேட்டு வாங்கித் திருடினீர்கள். என் கையாலேயே எழுதி, கிம்ச்சியோடு பெட்டி கட்டி அனுப்பவைத்தீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. நன்றாக எரியட்டும், மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

கதையில் என் பெயர் வேண்டாம். நான் வரப்போவதும் இல்லை. பன்றித் தலைக்கு முன்னால் நீங்கள் தனியாகவே விழுந்து கும்பிட்டுக்கொள்ளுங்கள். ஜாடியையும் திருப்பி அனுப்ப வேண்டாம். நாளைக்கு இந்த ஊரில் ஒரு கல்யாணம் இருக்கிறது, விடிவதற்குள் எழுந்து போக வேண்டும்.

அந்தக் கதையில் பத்துப் பெண்கள் நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறார்கள். எதை வைப்பது, எதைக் கொட்டுவது என்று உங்களுக்கு ஒவ்வொரு நாளும் சந்தேகம் வரும். மற்ற இயக்குநர்கள் தங்கள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டுக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் கேட்பதற்கு இனி ஆள் இல்லை.

ஹாம் மியோங்ரே