பொய் யன்னல்

வெள்ளி, பிறை 4

பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்றோமே, அந்த வருஷம் கழிந்து இரண்டாவது கச்சான் காற்று. வாயெல்லாம் மண். தென்னந்தோட்டத்துப் பங்களாவைப் புது முதலாளி றிஸ்வான் ஹோட்டல் ஆக்குகிறான். நாங்கள் இருக்கும் கேட்டடி வீட்டின் முன்னறையும் வேண்டுமாம், ஒபிசுக்கு. தங்கச்சி சுபைதாவைக் கட்டிலோடு தூக்கி வலப்பக்க அறையில் போட்டார்கள். யன்னல் இல்லாத அறை. அவளுக்கு மூச்சிழுப்பு. எனக்குப் படுக்கை வாசற்படி.

சனி

கொழும்பு இஞ்சினியர் வந்தான். என்னைக் காட்டி றிஸ்வானிடம், "வாச்சரா?" பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படம். பனி கொட்டும் ஊருக்கான செங்குத்துக் கூரை. மேலே புகைக்கூடு, கீழே அடுப்பில்லை, வௌவால். கதவுக்கு இருபுறமும் யன்னல். இடது உண்மை. வலது பொய்: சட்டம், பலகை, கொண்டி எல்லாம் உண்டு. பின்னால் கல்.

"அந்தச் சுவர உடைச்சு நெச யன்னலாக்கித் தாங்க மனே. உள்ளுக்கு அவளுக்கு மூச்சு முட்டுது."

"ஐயோ அங்கிள், அதில கை வைக்க ஏலாது. அந்தப் பொய்தான் இந்த வீட்டுட அழகே!"

உம்மாவின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். றிஸ்வான் சிரிப்பு. "மாமாக்கு எழுத்துத் தெரியா சேர். பழங்கதைண்டா விடிய விடியச் சொல்லுவாரு."

ஓதப்பள்ளியில் படித்த அரபு எழுத்தில் நான் எழுதும் இந்தத் தமிழை வாசிக்க அவனுக்குத் தெரியாது. நல்லது.

ஞாயிறு

காற்று அடங்கவில்லை. அந்தக் கதை. கல்லோயாக் குளம் கட்டின காலம். வாப்பா இந்தக் கேட்டுக்குக் காவல். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் சத்தம் கேட்டால், "மீராலெவ்வை, ஓடு!" என்று என்னை விரட்டுவார். ஓடித் திறப்பேன். காவற்காரன் பெண்சாதி விருந்தாளிகளைப் பார்க்கக் கூடாதென்று கட்டும்போதே குருடாக்கிய யன்னல் அது. உம்மாவுக்கும் இழுப்பு, சுபைதா பால்குடி. திறந்து தரச் சொல்லி வாப்பா துரைச்சாணியின் காலில் விழுந்தார். மறுநாளே ஆள் அனுப்பினாள். வந்தவன் யன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். கிழமைக்குள் உம்மா மூச்சு முட்டி மௌத்து.

செவ்வாய்

காரைதீவுப் பெயின்டர். பொய்ப் பலகையைச் சுரண்டுகிறான். திறந்த கதவு, காற்றில் பறக்கும் திரை, பூச்சட்டி, எல்லாம் வரையப் போகிறானாம்.

உள்ளேயிருந்து சுபைதா: "என்ன காக்கா சத்தம்? யன்னல் உடைக்கிறாங்களா?"

"ஓம் புள்ள."

அஸர் தொழுகைக்குப் பிறகு: "காத்து வருது, என்ன?"

"ஓம். போத்திக்க."

போர்த்திவிட்டேன். வெளியே போய்ப் பார்த்தேன். திரை நன்றாகத்தான் பறக்கிறது.

புதன்

லுஹருக்குப் பின் சுபைதாவை அடக்கினோம். மையவாடியில் நல்ல காற்று. றிஸ்வான் தோளில் கை வைத்தான். "இனித் தனி ஆள்தானே மாமா, உள்ளுக்குப் படுங்க. அவட கட்டில் சும்மாத்தானே கிடக்கு. வாசல்ல பாயக் கண்டா வெள்ளக்காரன் என்ன நினைப்பான்?"

வெள்ளி, பிறை 11

பெயின்ட் மணம் அறைக்குள்ளும். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். இஞ்சினியர் வந்தான். சுவரில் பலகை அடிக்க, பழைய காவற்காரக் குடும்பத்தின் பெயர்கள் வேண்டுமாம். சொன்னேன்: வாப்பா ஆதம்பாவா, கதீஜா உம்மா, தங்கச்சி சுபைதா.

"இப்ப யாரும் உசிரோட இருக்காங்களா, அங்கிள்?"

"ஒருத்தன்."

"பேரு?"

"மீராலெவ்வை."