தூணும் நானும் உன் காரும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பா சௌக்கியம், நீ விட்டுப்போன கார் நடுவில் கொஞ்சம் சௌக்கியமில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டது. உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், கடிதத்தைப் படித்து முடித்தபிறகு இதற்கெல்லாம் பதில் சொல்லும் நிலையில் நீ இருக்கமாட்டாய். காரை வாங்க நீ அனுப்பிய ஆள் போன ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று போய்விட்டதாக அப்பா போனில் சொன்னார் அல்லவா, அது சுத்தப் பொய். பக்கத்திலிருந்து நானும் ஆமாம் ஆமாம் என்றேன், அது அதைவிடப் பெரிய பொய். நீ கூப்பிட்டாலே அவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறார், தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை, அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும். வண்டி சும்மா நின்று வீணாகிறது, விற்றுவிடலாம் என்று நீ சொன்னாயே, அது சும்மா நிற்கவில்லை கண்ணா. ஐந்து மாதமாக நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதே. அறுபத்திரண்டு வயதில் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பாய், அந்தக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அப்பா மதியம் இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணி வரை அவருடைய குறட்டை மட்டும்தான் விழித்திருக்கும். அந்த நேரத்தில்தான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். முதல் நாளே மாஸ்டர், "ஸ்டீயரிங்கைப் பிடிங்கம்மா, கழுத்தை நெரிக்காதீங்க" என்றார். இரண்டாவது தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன், முதல் தடவை என்ன ஆயிற்று என்பது எனக்கும் அந்த அதிகாரிக்கும் நடுவிலேயே இருக்கட்டும். பழகியது விட்டுப்போகக் கூடாதே என்று நம் வண்டியை எடுக்க ஆரம்பித்தேன். முப்பது வருடம் கடைக்காரர்களின் தராசு முள்ளைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கிய இன்ஸ்பெக்டர் உன் அப்பா, சொந்த வண்டியில் பெட்ரோல் முள் ஏறி இறங்குவதை ஒரு நாளும் பார்க்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கீழே பார்க்கிங்கில் நம் இடத்தை ஒட்டி மஞ்சள் தூண் ஒன்று இருக்கிறதே, பதினாறு வருடமாக அசையாமல் நின்ற அந்தத் தூண் நான் ரிவர்ஸ் எடுத்த அன்றைக்கு மட்டும் ஒரு அடி நகர்ந்து வந்தது என்றுதான் நான் இன்னமும் நினைக்கிறேன். பின்பக்க இடது கதவில் முழ நீளத்துக்கு மஞ்சள் கோடு. இறங்கிப் பார்த்தேன், மேலே ஓடிப்போய்ப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்து வந்து தேய்தேய் என்று தேய்த்தேன். அடிப்பிடித்த பாத்திரத்தையெல்லாம் ஒரு கை பார்த்தவள் இல்லையா. மஞ்சள் போய்விட்டது, கதவு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் மதியம் வண்டியைப் பின்தெரு டிங்கரிங் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார், "தூண் போட்டது ஒரு கோடு, மீதி நூறும் நீங்க போட்டதும்மா" என்றார். வெட்கத்தைப் பார்த்தால் நடக்குமா, என்ன செய்யலாம் என்று கேட்டேன். கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது மேல்பூச்சில் விழுந்த கீறல், பாலிஷ் காம்பவுண்டு போட்டால் போய்விடும், நகம் தட்டினால் போகாது. நார் போட்ட நூறும் வழுக்கியது, தூண் போட்ட கோட்டில் மட்டும் விரல் நீளத்துக்கு நகம் தட்டியது. பற்பசை மாதிரி ஒரு டப்பாவில் கொடுத்தார், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொடி இருக்கிறதாம், அது மேல்பூச்சைத் துளித்துளியாகச் சீவிக் கீறலின் ஓரத்தை மழுக்கிவிடுமாம். "அந்தப் பூச்சே வெங்காயத் தோல் மாதிரிதாம்மா இருக்கும், கோவத்தையெல்லாம் அதுமேல காட்டிடாதீங்க" என்று வேறு சொல்லி அனுப்பினார். முகத்தைப் பார்த்தே சொல்கிறார் பார்.

வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, சூடு ஆறியபிறகு, சாண் சாணாகத்தான் தேய்க்க வேண்டும், அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். ஒரே மதியத்தில் கதவு பளபள என்று ஆகிவிட்டது, என் மூக்குத்துவாரம் வரை அதில் தெரிந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த ஒரு கதவு கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நிற்கிறது, மற்றதெல்லாம் தூங்கி எழுந்த மாதிரி நிற்கிறது, குருடனுக்குக்கூடத் தெரியும். விளக்கடித்துப் பார்த்தால் பானெட், கூரை, கதவு எல்லா இடத்திலும் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகக் கோடு. எல்லாம் உன் அப்பா ஞாயிறு தவறாமல் பழைய பனியனால் தூசியோடு சேர்த்துத் துடைத்த கைங்கரியம். ஒரு கதவை மறைக்க முழு வண்டியையும் தேய்க்க வேண்டியதாகிவிட்டது, பதினோரு மதியம். நடுவில் ஞாயிறு வந்தபோது கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று சொல்லி அப்பாவை மேலேயே நிறுத்திவைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. துணி பிழிந்ததில் வலி என்றேன், பாவம், அப்பா உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டார், இனிமேல் துணியெல்லாம் நான் பிழிகிறேன் என்றார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கீழே போய் வண்டியைப் பார்த்தவர் மாடிப்படியெல்லாம் கேட்கிற மாதிரி, "பாத்தியா, என் பனியனோட மகிமை!" என்றார். வந்த அழுகை அப்படியே திரும்பிப் போய்விட்டது. பனியனை ஒளித்து வைத்திருக்கிறேன், இன்றுவரை தேடுகிறார்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன், பதறாமல் படி. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார், டிராபிக்கில் ஓட்ட அலுப்பாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னதும் அதனால்தான், ஓட்ட வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்ன அடைப்பு, மாத்திரையில் அடங்கிவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறார், என்னோடு சண்டை போடும் அளவுக்கு நன்றாக இருக்கிறார். ஆனால் அன்றைக்கு ஆம்புலன்ஸுக்கு லைன் கிடைக்காமல் டாக்சியைக் கூப்பிட்டு, அது வர நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கீழே நம் வண்டி நின்றது, என் கையில் சாவி இருந்தது, ஓட்டத் தெரிந்த மனிதர் சோபாவில் வியர்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த நாற்பத்தைந்து நிமிடம் நான் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் கண்ணா. எந்த எதிரிக்கும் அது வேண்டாம். அதற்கு அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ அனுப்பிய ஆள் விளக்கடித்து விளக்கடித்துப் பார்த்தார், ஒரு வட்டம்கூடக் கிடைக்கவில்லை, எட்டு வருட வண்டி என்றால் நம்பவே முடியவில்லை என்று சொக்கிப்போய்விட்டார். நான் பாடுபட்டுப் பளபளப்பாக்கியதை நானே இன்னொருவன் கையில் கொடுக்கப் போகிறேனே என்று இருந்தது. ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா என்றார். என்ன தைரியமோ, நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்பா வாயைத் திறந்தபடியே பின்சீட்டில் ஏறினார், திரும்பி வரும்வரை மூடவில்லை. தூணுக்கு ஒரு சாண் விட்டுக் கச்சிதமாக ரிவர்ஸில் நிறுத்தினேன். வந்தவர் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்பா இறங்கினார், அந்தப் பின்கதவுக் கீறலைப் பார்த்தார், நகத்தை வைத்து ஓட்டினார், தட்டியது. தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அந்த ஆளிடம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க தம்பி, வண்டிக்கு டிரைவர் கிடைச்சாச்சு, விக்கிறதா இல்ல" என்றார்.

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் மதியம் படுக்காமல் சட்டையைப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார், ஆஸ்பத்திரி வரை ஓட்டு, எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்க்கிறேன் என்றார். புறப்பட்டோம். வாசலில் போய் நிறுத்தியதும் கடிகாரத்தைப் பார்த்து, "பதினாலு நிமிஷம்" என்றார். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "பயமா இருந்துச்சாடி அன்னிக்கு?" என்று கேட்டார். ஏழு மாதத்தில் முதல் தடவை கேட்கிறார். ஆமாம் என்றேன். தனக்கும் என்றார். காரை அணைக்காமலேயே கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம், பின்னால் ஆம்புலன்ஸ்காரர் ஹாரன் அடித்தார்.

ஆகவே காரை விற்கிற பேச்சை நீயாகவே விட்டுவிட்டதாகப் போனில் சொல்லிவிடு, அவர் உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார். நெஞ்சுவலி உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ எந்தக் கீறலும் படாமல், பட்டாலும் நகம் தட்டாத கீறலாகவே பட்டு, நூறு வருடம் நன்றாக இரு. வரும்போது விமான நிலையத்தில் டாக்சி தேடாதே, வாசலில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
லைசென்ஸ் உள்ள உன் அம்மா