சட்டையில் சுற்றி வந்த விருதுகள்

எருக்கலம்பிட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி ஜுனைட்டுக்கு ராத்தா அஸீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுத மாட்டேன். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நீ நடிகன், குரலை எப்படியும் வைத்துக்கொள்வாய். ஊருக்கு அது பெருமை, எனக்கு இப்போது அதுதான் சந்தேகம். முன்பெல்லாம் முகம் காட்டிப் பேசினவன், சில மாதமாகக் குரல் மட்டும் அனுப்புகிறாய். எடிட்டிங் அறை இருட்டு, முகம் தெரியாது என்கிறாய். படம் எடுக்கிறவனுக்கு ஒரு லைட்டா கிடைக்கவில்லை?

உன் விருதுகளில் மூன்றாவது பெட்டியும் வந்து சேர்ந்தது. மீன் லொறி ஓட்டுகிற நம் பாஹிம் கொழும்பில் மீனை இறக்கிவிட்டு வரும்போது, ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். பிரான்ஸில் தந்த கண்ணாடித் தட்டு, இயக்குநருக்கான அரச விருது, எல்லாவற்றிலும் மீன் வாடை. தேசிக்காய் தேய்த்துக் கழுவி அலுமாரியில் அடுக்கினேன். சிறந்த நடிகர் விருதில் ஒரு பெண் சிலை நிற்கிறாளே, அவளுக்கு மட்டும் துவாய் போட்டு மூடியிருக்கிறேன். அந்த அறையில்தான் நான் தொழுவது. அவளுக்கும் முக்காடு போட்டாயிற்றா என்று உன் மச்சான் சனூன் கேலி பண்ணுகிறார்.

முதல் பெட்டி வந்தபோது வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதாகச் சொன்னாய். நம்பினேன். இரண்டாவது வந்ததும் திடுக்கிட்டுப் போனேன். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பெண்ணுக்குக் கொடுப்பது, ஆண் போய் அவள் வீட்டில் இருப்பான். அவனுடைய சாமான் ராத்தா வீட்டுக்குத் திரும்பி வந்தால், அவனும் பின்னால் வருகிறான் என்றுதான் சனம் பேசும். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் எட்டிப் பார்த்துவிட்டு, தம்பி இனி இங்கதானோ என்று கேட்டே விட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் மனைவி றிம்ஷா உன்னைத் தன் வீட்டிலிருந்து வெளியே விட்டுவிட்டாள் என்று மனதுக்குள் அந்தப் பிள்ளையைத் திட்டித் தீர்த்தேன்.

மன்னாரில் பாராட்டு விழா வைக்கக் கேட்டதற்கும் நேரமில்லை என்றாயாம். பொன்னாடை என்றால் காய்ச்சலோடும் ஓடி வருகிற ஆள் நீ.

பிறகு அந்தச் சட்டைகள். விருதுகள் உடையாமல் இருக்க உன் சட்டைகளில் சுற்றி அனுப்பியிருந்தாய். தோய்த்துக் காயவைத்தேன். முதல் பெட்டியில் வந்ததை மச்சான் போட்டபோது தொளதொளவென்று தொங்கியது. அவர் ஈர்க்குமாதிரி ஆள், நீ உடம்புக்காரன். இந்த முறை வந்த புதுச் சட்டை அவருக்கு அளவாக இருந்தது. அவர் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் இரண்டு சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று விரித்து அளந்து பார்த்தேன்.

றிம்ஷாவுக்குப் போன் எடுத்தேன். பாவம், கள்ளமில்லாமல் பேசினாள். அவர் புதுப்படத்துக்காக மெலியிறார் மதினி, தலையும் வழிச்சிட்டார், இதுக்கும் ஒரு விருது நிச்சயமாம் என்றாள். ஊர்ச்சனம் பாக்க வேணுமெண்டு நீங்கள் கேட்டதாலதானே விருதெல்லாம் அனுப்பினவர் என்றும் சொன்னாள். நான் எப்போது கேட்டேன்? அந்த மெலிகிற கதையை என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் நம்ப மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

பாஹிமைக் கூப்பிட்டு விசாரித்தேன். சொல்லக் கூடாது என்று நீ அவனைத் தடுத்திருக்கிறாய். விடாமல் கேட்டதும் சொன்னான். முன்பு தெஹிவளை வீட்டில் பெட்டியை எடுத்தவனாம். இந்த முறை மஹரகமவுக்கு, அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொன்னாயாம். கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததாம். மச்சானின் உம்மாவை நான் கொண்டு திரிந்த வாசல் அது. அங்கே யாரும் படம் எடுக்க நிற்பதில்லை, தம்பி.

உனக்கு ஏதும் நடந்தால் இவை ஊரில் இருக்கட்டும் என்றா அனுப்பினாய்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இனிமேல் உன் பெட்டி எதையும் ஏற்றக் கூடாது என்று பாஹிமிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவன் கையில்தான் தருகிறேன். அடுத்த வியாழன் அதே லொறியின் முன் சீட்டில் நான் வருகிறேன். அதற்கு முதல் றிம்ஷாவிடம் நீயே சொல்லிவிடு. அவள் இதை என் வாயால் கேட்கக் கூடாது.

சின்னதில் வயிற்றுவலி என்று நடித்து மதரசாவுக்குப் போகாமல் படுப்பாய். உம்மா நம்புவா, நான் நம்ப மாட்டேன். இப்போது வலியே இல்லை என்று நடிக்கிறாய். அதையும் நான் நம்பவில்லை. அல்லாஹ் உன் நோய்க்கு ஷிபாவைத் தருவான், ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன். தலையில் முடி இல்லாவிட்டால் என்ன, இதை வாசித்து முடித்ததும் ராத்தாவுக்கு உன் முகத்தைக் காட்டு.

உனக்காக துஆச் செய்துகொண்டிருக்கும்
ராத்தா அஸீபா