பச்சை மையில் ஒரு மணி நேரம்

ஜனவரி 8
மாதிரித் தேர்வு அட்டவணை வந்தது. எல்லாருக்கும் மூன்று மணி நேரம். நூலகரின் மகளுக்கு மட்டும் நான்கு. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று மருத்துவச் சான்றிதழ். வகுப்பில் என் மகள் முதல், அவள் இரண்டாவது.

ஜனவரி 9
பெற்றோர் கூட்டம். ஒரு மாணவனின் அப்பாவான பல் மருத்துவர் எழுந்து, "ஓட்டப்பந்தயத்துல ஒருத்திக்கு மட்டும் பாதி தூரமா?" என்றார். கைதட்டல். நானும் தட்டினேன். பொதுத்தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரம் கூடாது என்ற மனுவில் ஏழாவது கையெழுத்து என்னுடையது. வேதியியல் ஆசிரியையாகப் போடவில்லை, அம்மாவாகப் போட்டேன். பேனா என்னவோ ஒன்றுதான்.

ஜனவரி 10
தலைமையாசிரியர்: "மனுவை மேல அனுப்பிட்டேன் டீச்சர். பதில் வர்ற வரைக்கும் எல்லாருக்குமே நாலு மணி நேரம். பாம்பும் நோகாது, அடிச்ச கோலும் நோகாது."

ஜனவரி 11
வேதியியல் தேர்வு. மூன்று மணி நேரம் முடிந்ததும் எல்லாரையும் பச்சைப் பேனாவுக்கு மாறச் சொன்னேன். கூடுதல் நேரம் கிடைத்தால் யாருக்கானாலும் மதிப்பெண் கூடும் என்று நிரூபிக்க ஆசை.

பல் மருத்துவரின் மகன் மேசையில் கவிழ்ந்து தூங்கினான். என் மகள் எழுதியதை அடித்து அடித்துத் திருத்தினாள். நூலகரின் மகள் கேள்விக்குக் கீழே ஸ்கேலை வைத்து, உதடு அசைய, ஒரே வரியை நாலாவது முறையாகப் படித்தாள். கடைசி மணி அடிக்கும்வரை எழுதியவள் அவள் ஒருத்திதான்.

ஜனவரி 20
திருத்தி முடித்தேன். மற்றவர்களின் முப்பத்தேழு தாள்களில் பச்சை என்றால் பெரும்பாலும் அடிக்கோடுகள்தான். என் மகள் சரியான இரண்டு விடைகளைப் பச்சையில் அடித்துவிட்டுத் தப்பாக எழுதியிருக்கிறாள். நான்கு மதிப்பெண் போச்சு.

நூலகரின் மகள்: பச்சையில் மூன்று பெரிய கேள்விகள். எல்லாம் சரி. இருபத்து மூன்று மதிப்பெண்.

மூன்று மணி நேரத்தில் தாளை வாங்கியிருந்தால், தெரியாமல் விட்டுவிட்டாள் என்றல்லவா நினைத்திருப்பேன்?

ஜனவரி 21
கையெழுத்தை வாபஸ் வாங்கப் போவதாக மகளிடம் சொன்னேன்.

"அவ என்னைத் தாண்டிடுவாளே?"

"தாண்டலாம்."

"நீ யாரோட அம்மா?"

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். நியாயமான கேள்விதான். பெத்த பொண்ணு வயிறு காயுது, நான் இங்க உட்கார்ந்து நியாயம் எழுதிட்டிருக்கேன் —

ஜனவரி 22
தாள்களின் நகல்களையும் என் வாபஸ் கடிதத்தையும் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன்.

"உங்க பொண்ணு தாளையுமா அனுப்பணும்?"

"அதைத்தான் முதல்ல வைங்க."

பிப்ரவரி 2
பதில் இல்லை. மகள் என்னிடம் உப்பு, தண்ணீர் இரண்டுக்கு மட்டும் பேசுகிறாள்.

மார்ச் 3
தேர்வுத் துறையிலிருந்து பதில் வந்தது. நூலகரின் மகளுக்கு நான்கு மணி நேரம், தனி அறை. கண்காணிக்க நான் போகக் கூடாதாம். மனுவில் கையெழுத்துப் போட்டவள், வாபஸும் வாங்கியவள். எந்தப் பக்கம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

மே 20
முடிவுகள். நூலகரின் மகள் முதல். என் மகள் இரண்டு மதிப்பெண் குறைவு. பட்டியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜூன் 12
மாலை வீடு திரும்பினால் முன்னறையில் இரண்டு பேர். என் மகள் புதுப் பாடப்புத்தகத்தை உரக்கப் படிக்கிறாள். நூலகரின் மகள் கண்ணை மூடிக் கேட்கிறாள்.

"நில்லு," என்றாள் நூலகரின் மகள். "அந்தச் சமன்பாடு உனக்குப் புரிஞ்சுதா?"

"இல்ல."

"எனக்குப் புரிஞ்சுது. மறுபடி படி, சொல்றேன்."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அம்மா, கதவைச் சாத்திட்டுப் போ. சத்தம் வருது."

சாத்தினேன்.