தட்டையாகத் தட்டிய கெஃப்தா

இத்தோ, பேரனுக்கு இரண்டு வயதாகியும் நீ கெஃப்தா கொடுக்காதது அநியாயம். சலாம், உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம்.

நம் மகள் தூதா தொண்டையில் கெஃப்தா கறி உருண்டை அடைத்து இறந்ததிலிருந்து நீ அதை அடுப்பில் ஏற்றவில்லை. நான் இங்கே மார்செய் நகர மழலையர் பள்ளிச் சமையலறையில் தினமும் செய்கிறேன். நேற்று ஒரு பிள்ளை இருமியது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். "என்ன தாத்தா, பேயைப் பாத்தீங்களா?" என்று உடன் சமைப்பவர்கள் சிரித்தார்கள். வெறும் புரைதான் ஏறியிருந்தது. தூதாவும் முதலில் அப்படித்தான் இருமினாள்.

நம் வீட்டுப் புதினா கொஞ்சம் அனுப்பு, இங்குள்ளதில் வாசமில்லை. வேலைக்கு நேரமாகிறது.

மருமகள் கறியை இருமுறை அரைக்கட்டும். துருவிய வெங்காயம், சீரகம் சேர்த்து நீ பிசை. உருட்டாதே, தட்டு. மகன் பேரனை நிமிர்த்தி உட்காரவைக்கட்டும். அவன் விழுங்கி முடிக்கும்வரை நீ பக்கத்திலேயே இரு. நடுவில் எழுந்து போகாதே.

ஹம்மு