வெளியாட்கள் என்று ஒரு சொல்

12, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பாப்பாவுக்குச் சளி, ஆவி பிடிக்க விடமாட்டேன் என்கிறாள்.
ஆலை கேட் எதிரே பந்தல் போட்டு என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் உட்கார்ந்து இன்றோடு ஐந்து நாள். தொழிற்சங்கம் வேண்டுமென்று கேட்டதற்காக வேலையிலிருந்து நீக்கிய இரண்டு பேரைத் திரும்ப எடுக்கும்வரை எழுந்திருக்கமாட்டார்களாம்.
சென்னை விளம்பர ஆபீசிலிருந்து எனக்கு மொழிபெயர்ப்பு வேலை, ஒரு பக்கம். பத்திரிகைகளுக்கான அறிக்கை. கம்பெனி பெயர் இல்லை, 'ஒரகடம் பகுதி ஆலை' என்று மட்டும். அவர் ஆலையும் ஒரகடம்தான், ஆனால் இது வேறு கம்பெனியாக இருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். 'எக்ஸ்டர்னல் எலிமென்ட்ஸ்' வந்த இடத்தில் நின்றேன். புறச் சக்திகள்? யாருக்கும் புரியாது. 'வெளியாட்களின் தூண்டுதல்' என்று போட்டேன். விளம்பர ஆபீஸ் மேனேஜர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பினார். கொஞ்சம் பெருமை.

14, புதன்
மழை. மண்ணூர்க் கடையில் முட்டை வாங்கும்போது டிவியில் விவாதம். தொழிலதிபர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், கட்சிக்காரர் இருவர். அவர்களுக்குப் பின்னால் படத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும் பந்தல். தொழிலதிபர் 'வெளியாட்கள்' என்றார். பேராசிரியரும். சிவப்புத் துண்டு போட்ட கட்சிக்காரர் கோபமாக, "வெளியாட்கள் யாருமே இல்லை!" மறுக்கிறவருக்கும் என் சொல்தான் கிடைத்தது. நீக்கப்பட்ட இருவரைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. முட்டையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

15, வியாழன்
வீட்டு ஓனரம்மா மாடியேறி வந்தார்.
"நீங்க எந்த ஊரு கண்ணு?"
"சாத்தூர்க்கா. மூணு வருசமாத் தெரியுமே."
"அப்ப வெளியாளுங்கதான? டிவில அதான சொல்லிகினு கீறாங்க. எனக்கு இன்னாத்துக்கு வம்பு. அடுத்த மாசம் வேற வூடு பாத்துக்கோ."
பாப்பா மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

16, வெள்ளி
லேசாக வெயில். பந்தலிலிருந்து அவர் குளிக்க வந்தார், தாடியோடு. வீட்டு விஷயம் சொன்னேன்.
"எவனோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதிக் குடுத்திருக்கான். ஒத்த வார்த்தைல ஊரையே திருப்பிட்டான், பாத்தியா."
அந்த அறிக்கையை நான் மொழிபெயர்த்த அன்று எங்கள் வீட்டில் கரண்டே இல்லை. விசிறிக்கொண்டேதான் எழுதினேன். சொல்லவில்லை.
ரசம், அப்பளம். கை கழுவிக்கொண்டே, "நீ படிச்சவ. ஊர்ல குடுக்க ஒரு நோட்டீஸ் எழுதித் தா. நாங்க வெளியாட்கள் இல்லைன்னு ஆரம்பி."
அப்படி ஆரம்பித்தால் தோற்றுப்போவீர்கள் என்றேன். ஏன் என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.
சென்னையிலிருந்து மெசேஜ். அடுத்த அறிக்கை ரெடி, போன தடவை மாதிரியே எளிமையாக வேண்டுமாம். பதில் போடவில்லை. நீல டிக் போயிருக்கும்.
நோட்டீஸில் அந்தச் சொல் வரக்கூடாது. நீக்கப்பட்ட இருவரின் பெயரில் ஆரம்பிக்கலாம். ஒரு பெயர் எழுதிவிட்டேன். இன்னொருவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற என் வீட்டுக்காரரை எழுப்பித்தான் கேட்க வேண்டும்.